உப்புக் காற்றில் ஒரு புதுப் பெட்டி

பழவேற்காட்டில் எந்த டிவியின் முதுகைக் கழற்றினாலும் முதலில் கண்ணில் படுவது பச்சை நிறம். செம்புக் கம்பியின் நுனியில், சோல்டர் வைத்த இடத்தைச் சுற்றி, செருகிகளின் இடுக்கில் எல்லாம் அது படிந்திருக்கும். உப்பு செய்யும் வேலை. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் வங்காள விரிகுடா, நடுவில் முகத்துவாரம். வாடை அடித்தாலும் கொண்டல் அடித்தாலும் காற்று உப்பைச் சுமந்துதான் வீட்டுக்குள் நுழையும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். எங்கள் ஊரில் பெரும்பாலான இரவுகளில் இது நடக்கிறது. இரவில் சர்க்யூட் பலகைமேல் உப்புத் தண்ணீர், வெயில் ஏறியதும் காய்ந்த உப்பு, மறுநாள் இரவு மறுபடியும் தண்ணீர். கரன்ட் ஓடும் இடத்தில் இப்படி நடந்தால் செம்பு அரித்துக்கொண்டே போகும்.

நான் இந்த ஊர்க் கடைத்தெருவில் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். டிவி, மிக்ஸி, இன்வெர்ட்டர், படகில் வைக்கும் ஜி.பி.எஸ். கருவி, வாக்கி டாக்கி என்று எது வந்தாலும் பார்ப்பேன். ஆனால் மனசுக்குப் பிடித்த வேலை எது என்று கேட்டால், வீடியோ கேம் பெட்டிகள் என்றுதான் சொல்வேன். மற்ற சாமான் கெட்டுப்போனால் வீட்டுப் பெரியவர்கள் கொண்டுவருவார்கள். கேம் பெட்டியை மட்டும் பிள்ளைகளே தூக்கிக்கொண்டு வருவார்கள். வேலை முடியும்வரை கடைப்படியைவிட்டு நகரமாட்டார்கள். அவர்கள் கண் முன்னால் ஒரு பெட்டியைத் திறந்து உயிர் கொடுப்பதில் எனக்கு இருக்கும் சந்தோஷம் இத்தனை வருஷத்தில் குறையவே இல்லை.

2021-ல் பிளேஸ்டேஷன் 5 வந்தபோது அதை முதல் மாதங்களிலேயே சொந்தமாக வாங்கி, பயன்படுத்தி, திறந்து பார்த்தேன். வாங்கும் முன்பே என் மனசில் இருந்த கேள்வி ஒன்றுதான்: ஜப்பானில் யோசித்துச் செய்த இந்தப் பெட்டி, ஏரிக்கரைக் குப்பத்து வீட்டில் எத்தனை காலம் தாங்கும்? படம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று சொல்ல நாட்டில் ஆயிரம் பேர் இருந்தார்கள். என் கேள்விக்குப் பதில் சொல்ல யாரும் இல்லை.

இதைச் சொல்வதற்கு முன் டிவி கேம் காலத்தைச் சொல்லியாக வேண்டும். தொண்ணூறுகளில் எங்கள் ஊருக்குள் வந்தவை சாமுராய், மீடியா என்ற பெயர்களில் விற்ற பெட்டிகளும், பெயரே இல்லாமல் பர்மா பஜாரிலிருந்து வந்த பெட்டிகளும். எல்லாவற்றுக்கும் மூலம் ஒன்றுதான். 1983 ஜூலையில் நின்டெண்டோ கம்பெனி ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம். கேசட்டின் அடியில் 60 பின் இருந்தால் அது அந்த வம்சம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஆரம்பத்தில் வந்த நகல்களில் தைவான் யூ.எம்.சி. கம்பெனியின் சிப்புகள் தனித்தனியாக இருக்கும். ஒன்று போனால் அதை மட்டும் மாற்றலாம். பிறகு வந்தவற்றில் மொத்த இயந்திரமும் ஒரு கருப்புச் சொட்டுக்குள் அடங்கிவிட்டது. அந்தச் சொட்டு போனால் பெட்டி போயிற்று.

அந்தப் பெட்டிகளில் எனக்கு அதிகம் வந்த புகார், "படம் வருது, சத்தம் வரலண்ணே" என்பது. டிவியில் கோளாறு என்று நினைத்து டிவியையே தூக்கிக்கொண்டு வருவார்கள். விஷயம் வேறு. சீனாவில் டிவி ஒளிபரப்பில் படத்துக்கும் ஒலிக்கும் இடையே 6.5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி, இந்தியாவில் 5.5. சீனாவுக்கென்று செய்த பெட்டி சுற்றி வளைத்து இங்கே வந்துவிட்டால், அது அனுப்பும் ஒலியை நம் டிவி தேடும் இடத்தில் காணாது. மாடுலேட்டரின் தகர மூடியைத் திறந்து, பிளாஸ்டிக் திருப்புளியால் காயிலின் நடுவிலுள்ள கருப்பு மரையை மெல்லத் திருப்பினால், இரைச்சல் கரைந்து மாரியோவின் பாட்டு கேட்கும். சில பெட்டிகளில் கன்டென்சரையும் மாற்ற வேண்டியிருக்கும். படியில் உட்கார்ந்திருக்கும் பையன் அந்த நொடியில் எழுந்து நின்றுவிடுவான்.

கேசட்டில் ஊதுவது அந்தக் காலத்துப் பழக்கம். ஓடாத கேசட்டை உருவி, வாயில் வைத்து ஊதி, மறுபடி செருகினால் ஓடும். ஓடியது ஊதியதால் இல்லை, உருவிச் செருகியதால். ஊதும்போது போகும் எச்சில் ஈரம் ஏற்கனவே உப்பு படிந்த பின்களை இன்னும் சீக்கிரம் கெடுக்கும். பென்சில் ரப்பரால் பின்களைத் தேய்த்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்கச் சொல்லிக்கொடுத்தேன். பள்ளிக்கூடத்து ரப்பர் எல்லாம் கருப்பாகிப்போனதற்கு டீச்சர்கள் காரணம் கேட்டிருந்தால் என்னைத்தான் கை காட்டியிருப்பார்கள்.

எங்கள் குப்பங்களில் டிவி கேம் பரவியதற்கு ஒரு அரசுத் திட்டமும் காரணம். 2006-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வீட்டுக்கு வீடு 14 அங்குல டிவி வந்தது. அதற்கு முன் டிவி இருக்கும் வீட்டில் அதை அப்பாவோ பாட்டியோ விட்டுக்கொடுக்க வேண்டும். பிறகு பழைய டிவி பிள்ளைகள் கைக்கு வந்தது. மற்ற ஊர்களில் டிவி கேம் மோகம் அடங்கிவந்த அந்த வருஷங்களில்தான் கோட்டைக்குப்பத்திலும் ஆண்டிக்குப்பத்திலும் அது உச்சத்தில் இருந்தது. குண்டு டிவி என்பதால் வாத்து சுடும் துப்பாக்கியும் ஒழுங்காக வேலை செய்தது. துப்பாக்கியை அழுத்தியதும் திரை ஒரு கணம் கருப்பாகி, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மாறும். குழலுக்குள் இருக்கும் ஒளி உணரி அந்த வெள்ளையைப் பார்த்ததா இல்லையா என்பதுதான் கணக்கு. எல்.சி.டி. திரை இந்த மாற்றத்தைத் தாமதித்துக் காட்டும் என்பதால் தட்டை டிவி வந்ததும் துப்பாக்கிகள் எல்லாம் பரணுக்குப் போய்விட்டன.

பிளேஸ்டேஷன் 2, 4 இரண்டும் என் கடைக்கு வந்தவைதான், ஆனால் எண்ணிக்கையில் குறைவு. சிங்கப்பூரில், வளைகுடாவில் வேலை பார்க்கும் அண்ணன்மார் அனுப்பியவை. பிளேஸ்டேஷன் 4 இந்தியாவுக்கு 2014 ஜனவரியில் வந்தது. எங்கள் ஊரில் அது படும் பாட்டை விசிறிச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். உள்ளே சிப்புக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே தடவிய பேஸ்ட் காய்ந்து, விசிறி இறகில் உப்பும் மணலும் பனை நாரும் சேர்ந்து கெட்டியாகி, தெருமுனை வரை இரையும். பனை ஓலைப் பின்னல் எங்கள் ஊரில் வீட்டுத் தொழில். நாரின் தூசி எல்லா விசிறியிலும் இருக்கும்.

இப்போது 5-க்கு வருகிறேன். 2020 நவம்பரில் வெளிநாடுகளில் வெளியாகி, 2021 பிப்ரவரி 2-ம் தேதி இந்தியாவுக்கு வந்தது. தட்டு (டிஸ்க்) போடும் வசதி உள்ளது 49,990 ரூபாய், இல்லாதது 39,990 ரூபாய். ஜனவரி 12-ம் தேதி முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் எல்லாம் விற்றுத் தீர்ந்தன. பிறகு எப்போதாவது சரக்கு வரும், வந்த வேகத்தில் போகும். மே மாதம் முழு ஊரடங்கு வந்தது. அது தளர்ந்தபிறகு ரிச்சி தெருவில் தெரிந்த ஒருவர் மூலம், பெட்டியில் போட்டிருந்த விலைக்கு மேலே கொஞ்சம் கொடுத்து வாங்கினேன். கடையின் பின்னறையில் மணிக்கணக்குக்கு விடுவதற்காக வாங்கியது. தொற்று அடங்காத அந்த நாளில் பத்துப் பிள்ளைகளை ஓர் அறைக்குள் அடைக்க மனம் வரவில்லை. ஆகவே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

பத்தாயிரம் ரூபாய் அதிகம் கொடுத்துத் தட்டு போடும் பெட்டியை ஏன் வாங்கினாய் என்று மனைவி கேட்டாள். தட்டு இல்லாத பெட்டியில் விளையாட்டு எல்லாம் இணையம் வழியாகத்தான் வரும். வாங்கிய கணக்கோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். தட்டை நான் விளையாடி முடித்து இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கலாம், வாங்கலாம், விற்கலாம். ஒரு விளையாட்டு நான்காயிரம், ஐயாயிரம் ரூபாய் விற்கும்போது நண்டு பிடிக்கிற வீட்டில் மாதம் ஒன்று வாங்க முடியாது. ஒரு தட்டு ஐந்து வீடு சுற்றினால்தான் இங்கே கட்டுப்படி ஆகும்.

பெட்டி பெரியது. 39 சென்டிமீட்டர் நீளம், நாலரை கிலோ எடை. மனைவி இதை எங்கே வைப்பது என்று பார்த்தாள். நான் இது எங்கே மூச்சு விடும் என்று பார்த்தேன். முன்புறம் இரண்டு வெள்ளைத் தகடுகளின் ஓரமாகக் காற்றை இழுத்து, பின்புறம் முழுவதும் சூடாக வெளியே தள்ளுகிறது. எங்கள் வீட்டுச் சுவர் அலமாரியின் ஆழத்தில் வைத்திருந்தால் தான் விட்ட சூட்டையே திரும்ப இழுத்திருக்கும். ஜன்னலோரம் வைத்தால் கொண்டல் காற்று நேராக உள்ளே போகும். கடைசியில் உள்சுவரை ஒட்டி, தரையிலிருந்து இடுப்பு உயரத்தில், பின்னால் ஒரு முழம் இடம் விட்டு ஒரு மரப்பலகை அடித்தேன்.

நிற்கவைப்பதா படுக்கவைப்பதா என்பதிலும் என் தொழில் புத்தி வேலை செய்தது. இந்தப் பெட்டியில் சிப்புக்கு மேலே வழக்கமான வெள்ளைப் பேஸ்ட் கிடையாது. கேலியம் கலந்த திரவ உலோகம் தடவியிருக்கிறார்கள். சாதாரண வெப்பத்திலேயே தண்ணீராக இருக்கும் உலோகம். பேஸ்ட்டைவிட வெப்பத்தை நன்றாகக் கடத்தும், காய்ந்தும் போகாது. ஆனால் மின்சாரத்தையும் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும். வெளியே வராமல் இருக்கச் சுற்றிலும் நுரைத் தடுப்பு போட்டிருக்கிறார்கள். எந்தப் பக்கம் வைத்தாலும் சரி என்றுதான் கம்பெனி சொல்கிறது. ஆனாலும் பெட்டியை நிமிர்த்தினால் உள்ளே சர்க்யூட் பலகை செங்குத்தாக நிற்கும். திரவம் திரவம்தானே என்று எனக்குத் தோன்றியது. மரப்பலகைமேல் படுக்கவைத்தேன். இன்றுவரை என்னிடம் கேட்பவர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

வந்த வாரமே வெள்ளைத் தகடுகளைக் கழற்றினேன். திருப்புளி தேவையே இல்லை. மூலையைத் தூக்கி லேசாக இழுத்தால் வழுக்கிக்கொண்டு வருகிறது. உள்ளே 12 சென்டிமீட்டர் அகலமும் நாலரை சென்டிமீட்டர் கனமும் உள்ள ஒரு விசிறி இரண்டு பக்கமும் காற்றை இழுக்கிறது. அதன் பக்கத்தில் தூசி போய்ச் சேர்வதற்கென்றே இரண்டு சிறு குழிகள். அங்கே துளையில் வேக்குவம் கிளீனரை வைத்தால் இழுத்துவிடலாம். இந்தப் பெட்டியை வடிவமைத்த பொறியாளர் யசுஹிரோ ஓதோரி வெளியீட்டுக்கு முன்பே இதைத் தன் கையாலேயே பிரித்துக் காட்டிய படத்தைக் கைபேசியில் திரும்பத் திரும்பப் பார்த்திருந்தேன். என் தொழிலில் இருப்பவனுக்கு அது பெரிய மரியாதை. வாங்கியவன் திறப்பான், துடைப்பான் என்று நினைத்து ஒருவர் செய்திருக்கிறார். உள்ளிருக்கும் ஹீட் சிங்க் பெட்டியில் பெரும் இடத்தைப் பிடித்திருக்கிறது. பெட்டி ஏன் இத்தனை பெரிது என்பதற்கு விடை அங்கே இருந்தது. பெரிய ஹீட் சிங்க்கும் மெதுவாகச் சுற்றும் பெரிய விசிறியும் இருந்தால் சத்தம் வராது. ஆடி மாதப் புழுக்கத்தில் மூன்று மணி நேரம் ஓடியபிறகும் பக்கத்தில் காதை வைத்துத்தான் விசிறியைக் கேட்க வேண்டியிருந்தது.

எனக்குப் பிடிக்காத ஒன்று, கரன்ட் வயர். நாங்கள் டேப் ரிக்கார்டர் வயர் என்று சொல்லும் இரண்டு பின் வயர்தான் இதற்கும், எர்த் இல்லை. சிமென்ட் தரையில் வெறுங்காலோடு நிற்கும் பிள்ளை, டிவிக்கும் பெட்டிக்கும் கரன்ட் இருக்கும்போதே எச்.டி.எம்.ஐ. செருகியைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும். ஆளுக்கு ஆபத்தில்லாத அளவுதான். ஆனால் டிவிக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள அந்த வித்தியாசம் செருகும் நொடியில் எச்.டி.எம்.ஐ. சிப்பின் வழியாகப் பாய்ந்தால் சிப் போய்விடும். பழைய பெட்டிகளில் இந்தச் சிப்பை நிறைய மாற்றியிருக்கிறேன். வீட்டில் முதல் சட்டமாக இதைத்தான் போட்டேன்: இரண்டு பிளக்கையும் பிடுங்கிவிட்டுத்தான் அந்த வயரில் கை வைக்க வேண்டும்.

படத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் இருந்தது 32 அங்குல சாதாரண எல்.இ.டி. டிவி. 4கே என்று பெட்டியில் எழுதியிருந்ததற்கு அங்கே வேலையே இல்லை. ஆனாலும் அசைவில் தடுமாற்றம் இல்லை, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக காத்திருப்பு இல்லை. உள்ளே 825 ஜிபி எஸ்.எஸ்.டி. இருப்பதன் பலன் அது. முந்தைய பெட்டியில் விளையாட்டு திறப்பதற்குள் பையன்கள் சண்டை போட்டு முடித்துச் சமாதானமும் ஆகிவிடுவார்கள். இதில் அதற்கெல்லாம் நேரம் இல்லை.

என்னை அசைத்தது கையில் பிடிக்கும் ஜாய்ஸ்டிக். அதை எனக்கு முழுசாகப் புரியவைத்தவர் என் சித்தப்பா.

2021 ஆகஸ்ட் 12, விடியற்காலை 5:43-க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி. எஃப்-10 கிளம்பியது. ராக்கெட் விடும் நாளில் எங்கள் பக்கத்துப் படகுகளைக் கடலுக்குப் போக விடமாட்டார்கள்.  அதனால் சித்தப்பா அன்று வீட்டில் இருந்தார். சின்ன வயதிலிருந்து ஃபைபர் போட்டிலும் அதற்கு முன் கட்டுமரத்திலும் வலை இழுத்தவர். விரல்கள் தடித்து மடங்காமல் இருக்கும். பேரன் விளையாடிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "குடுறா, இன்னா இருக்குது அதுல பாப்போம்" என்று வாங்கினார்.

பெட்டியோடு இலவசமாக வரும் ஆஸ்ட்ரோ'ஸ் பிளேரூம் என்ற விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குட்டி ரோபோ நடக்கிறது. மணலில் நடந்தால் கையில் மணல் நெறிபடுகிறது, மழை பெய்தால் உள்ளங்கையில் துளித்துளியாக விழுகிறது. பழைய ஜாய்ஸ்டிக்கில் இருந்தவை ஒரு பக்கம் எடை கட்டிய சின்ன மோட்டார்கள். மொத்தமாக உதறும், அவ்வளவுதான். இதில் ஒலிபெருக்கியில் இருப்பது போன்ற காயில் இரண்டு கைப்பிடியிலும் இருக்கிறது. சத்தத்தைப் போலவே அதிர்வையும் நுணுக்கமாக வரைந்து அனுப்பலாம். விரலால் அழுத்தும் விசைகளுக்குப் பின்னால் ஒரு மோட்டாரும் பல்சக்கரமும் சின்ன நெம்புகோலும் இருக்கின்றன. வேண்டிய இடத்தில் விசையை இறுக்கும், வேண்டிய இடத்தில் விட்டுவிடும்.

ரோபோ வில்லை இழுக்கும் இடம் வந்தது. பேரன், "தாத்தா, இத்த அமுக்கி இழு" என்று சொல்லிக்கொடுத்தான். சித்தப்பா அழுத்தினார். முகம் மாறியது. விட்டுவிட்டு மறுபடி அழுத்தினார். அம்பு எங்கே போகிறது என்று அவர் பார்க்கவே இல்லை; கண் திரையில் இருந்தது, கவனம் முழுக்க விரலில்.

"இன்னாடா இது, கயித்துல வெயிட்டு ஏறுற மாதிரி இருக்குது. மொதல்ல லேசு, அப்பறம் கனம், அப்பறம் பட்டுனு வுடுது. வலைல கல்லு மாட்டுனா இப்படித்தான். மீனு இருந்தா இப்படி வுடாது."

வாழ்நாள் முழுக்கத் தண்ணீருக்குள் இருப்பதைக் கயிற்றின் வழியாகவே பார்த்துப் பழகிய கை அது. வலை சேற்றில் உரசுகிறதா, பாறையில் மாட்டியிருக்கிறதா, மடவை கூட்டமாக விழுந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்காமல் சொல்லும். வீடியோ கேம் கண்ணுக்கும் காதுக்கும் ஆனது என்று அதுவரை நினைத்திருந்த நான், அன்றைக்குத்தான் விரலுக்கும் அதில் பங்கு வந்துவிட்டதை உணர்ந்தேன். எழுத்து வாசிக்கத் தெரியாத, பொத்தான்களின் பெயர் தெரியாத ஒருவர் இந்தப் பெட்டியின் மிகப் புதிய விஷயத்தை எடுத்த எடுப்பில் பிடித்துக்கொண்டார். விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை நான் படித்திருக்கிறேன். சித்தப்பாவின் நான்கு வாக்கியத்துக்கு அவை ஈடாகவில்லை.

கஷ்டங்களையும் சொல்ல வேண்டும். பெரிய கஷ்டம், இணையம். தட்டு வாங்கினாலும் அதைப் போட்டவுடன் திருத்தம் என்று சில ஜிபி இறக்கச் சொல்கிறது. சில விளையாட்டுகளுக்கு 50 ஜிபிக்கு மேலே. கைபேசியில் ஒரு நாளைக்கு ஒன்றரை, இரண்டு ஜிபி என்று கணக்குப் போட்டு வாழும் தெரு எங்களுடையது. ஃபைபர் வயர் இங்கே இன்னும் வரவில்லை. பொன்னேரியில் என் மச்சான் வீட்டில் இருந்தது. பெட்டியைப் போர்வையில் சுற்றி, அட்டைப்பெட்டிக்குள் வைத்து, வண்டியில் பின்னால் பையன் மடியில் வைத்துக் கொண்டுபோவோம். ராத்திரி முழுக்க அங்கே இறங்கிக்கொண்டிருக்கும், காலையில் திரும்புவோம். பொன்னேரி ரோட்டின் பள்ளங்களில் திரவ உலோகத்தை நினைத்து நான் ஓட்டிய வேகத்தில் சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். பிறகு பெட்டியை விட்டுவிட்டு வெளி ஹார்ட் டிஸ்க்கில் சேர்த்துவைக்க முடியுமா என்று பார்த்தேன். பழைய பிளேஸ்டேஷன் 4 விளையாட்டுகளை அதிலிருந்தே ஓட்டலாம். 5-க்கென்று செய்தவை உள் நினைவகத்திலிருந்துதான் ஓடும்.

இரண்டாவது, கரன்ட். பெட்டியின் பவர் சப்ளை 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். சாயங்காலத்தில் வோல்டேஜ் 170-க்கு இறங்கினாலும் அசராது. அதனால் ஸ்டெபிலைசர் இதற்கு அவசியமில்லை என்று முதலில் தோன்றும். போன கரன்ட் திரும்பி வரும்போது அடிக்கும் அடிதான் ஆபத்து; அதற்காகத்தான் ஸ்டெபிலைசர் வைத்தேன். ரெஸ்ட் மோட் என்று ஒரு அரைத்தூக்கம் உண்டு. அதில் இருக்கும்போது கரன்ட் போனால் மறுமுறை திறக்கையில் ஒழுங்காக அணைக்கவில்லை என்று திட்டிவிட்டு, வெளி டிஸ்க்கைச் சரிபார்க்க ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் தினம் இரண்டு முறை கரன்ட் போகும் ஊரில் அரைத்தூக்கம் வேண்டாம். விளையாடி முடித்தால் முழுக்க அணைத்துவிடச் சொன்னேன்.

அந்த வருஷம் நவம்பரில் பெய்த மழை ஊரில் யாருக்கும் மறந்திருக்காது. சுவர் வியர்த்தது, துணி காயவில்லை. மழை விட்டதும் தகடுகளைக் கழற்றிப் பார்த்தேன். விசிறி இறகில் மெல்லிய சாம்பல் படலம். தூசிக்குழிகளில் உண்மையாகவே தூசி சேர்ந்திருந்தது. அந்த யோசனை வேலை செய்கிறது. உலோக மூடியின் விளிம்பில் வெள்ளைப் பூச்சாக உப்பு. பின்புறச் செருகிகளின் பளபளப்பு மங்க ஆரம்பித்திருந்தது. பச்சை இன்னும் வரவில்லை. வாங்கிச் சில மாதங்களே ஆன பெட்டிக்கு இது எச்சரிக்கை.

அதன்பிறகு நான் வைத்துக்கொண்ட பழக்கத்தை, பெட்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் சொல்லித்தருகிறேன். ஓடி முடித்த பெட்டி ஆறும்வரை எதையும் மூடாதே. ஆறியபிறகு பருத்தித் துணியால் மூடு. பிளாஸ்டிக் கவர் போட்டால் ஈரம் உள்ளேயே நிற்கும். பயன்படுத்தாத செருகு வாய்களுக்கு ரப்பர் மூடி போடு. மழைக்காலத்தில் விளையாட ஆள் இல்லாவிட்டாலும் தினமும் அரைமணி நேரம் ஓட விடு. உள்சூடு ஈரத்தை விரட்டும். எங்கள் ஊரில் பூட்டி வைத்த சாமான்தான் முதலில் போகும். துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் மட்டும். பெட்ரோலும் தின்னரும் வேண்டவே வேண்டாம்.

பெட்டி கெடவில்லை, ஜாய்ஸ்டிக் கெட்டது. யாரும் தொடாமலே ரோபோ இடது பக்கம் நகர ஆரம்பித்தது. விரலால் சுழற்றும் குச்சிக்கு அடியில் கார்பன் தடத்தின்மேல் உரசும் ஒரு சின்னப் பொட்டன்ஷியோமீட்டர் இருக்கிறது. பழைய ரேடியோவின் வால்யூம் திருகில் கரகரவென்று சத்தம் வருமே, அதே வியாதி. உள்ளே அத்தனை புதுமை வைத்தவர்கள் இந்த இடத்தில் மட்டும் பழைய பாகத்தையே வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்க் காற்றும் மணல் துகளும் அதைச் சீக்கிரமே தேய்த்துவிடுகின்றன. மாற்ற வேண்டுமென்றால் பதினான்கு இடத்தில் சோல்டரை உறிஞ்சி எடுக்க வேண்டும், தடம் பிய்ந்துவிடாமல். இளைஞன் கை இருந்தால் நல்லது. இப்போது என் கடையில் இந்த வேலையைத்தான் அதிகம் செய்கிறோம். என் மகன் என்னைவிட நன்றாகச் செய்கிறான்.

தட்டுகள் நான் எதிர்பார்த்ததைவிடச் சுற்றின. ஜமீலாபாத்தில் ஒரு வீடு, லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒரு வீடு, பொன்னேரியில் மச்சான் வீடு என்று பெட்டி வாங்கியவர்கள் சேரச் சேர, எந்தத் தட்டு யாரிடம் இருக்கிறது என்று கடையில் ஒரு நோட்டு வைத்தோம். கடைப் பின்னறையும் ஒரு வழியாகத் திறந்தது. இரண்டு ஜாய்ஸ்டிக், எட்டுப் பிள்ளைகள். யார் முதலில் என்று நான் தீர்ப்புச் சொல்லத் தேவை வரவில்லை. ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை போடுவது என்பதை முறை வைத்துப் பிரிக்கும் பாடு என்ற வழக்கம் எங்கள் ஊர்க் குப்பங்களில் தலைமுறை தலைமுறையாக உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகள் சீட்டு எழுதிப் போட்டு, இன்றைக்குக் கடைசி ஆள் நாளைக்கு முதல் ஆள் என்று தாங்களே வைத்துக்கொண்டார்கள். வெளியூர்ப் பையன் ஒருவன் காசு அதிகம் தருகிறேன், நானே விளையாடுகிறேன் என்று வந்தபோது, சீட்டு போடச் சொல்லி அவனையும் வரிசையில் சேர்த்தார்கள்.

பிறகு பெட்டியின் புதிய வடிவங்கள் வந்தன. மெலிந்த மாடல் இந்தியாவுக்கு 2024 ஏப்ரலில் வந்தது. தட்டு டிரைவைத் தனியாகக் கழற்றி மாட்டலாம். அதே ஆண்டு நவம்பரில் வெளிநாடுகளில் வந்த புரோ மாடலில் டிரைவ் வேண்டுமானால் தனியாகத்தான் வாங்க வேண்டும். அதன் வைஃபைக்கான 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இங்கே அனுமதி இல்லாததால் அப்போது இந்தியாவில் விற்பனைக்கே வரவில்லை. டிரைவைக் கூடுதல் சாமானாக்கும் இந்தப் போக்கு எனக்குக் கவலை தருகிறது. தட்டு போய்விட்டால் எங்கள் நோட்டும் போய்விடும். பொன்னேரிக்கு ஃபைபர் வந்துவிட்டது, எங்களுக்கும் ஒருநாள் வரும் என்பதெல்லாம் சரி. வேகமான இணையம் வந்தாலும் ஒரு வீட்டில் வாங்கிய விளையாட்டு அடுத்த வீட்டுக்குப் போகாது.

போன மாதம் அரங்கங்குப்பத்திலிருந்து ஒரு தம்பி அவன் அப்பாவோடு வந்தான். இறால் சீசனில் சேர்த்த காசு. எதை வாங்குவது என்று கேட்டார்கள். தட்டு டிரைவ் உள்ள மெலிந்த மாடலைச் சொன்னேன், ஸ்டெபிலைசருக்கும் ரப்பர் மூடிக்கும் சேர்த்துக் காசு எடுத்துவைக்கச் சொன்னேன். வாங்கியதும் நேராகக் கடைக்குக் கொண்டுவந்தால் தகட்டைக் கழற்றிக் காட்டித் தருகிறேன் என்றேன். அப்பா தயங்கினார். "தெறந்தா வாரண்டி போயிடாதாண்ணே?"

"வெளித் தகட்டை யார் வேணும்னாலும் கழட்டலாம், புஸ்தகத்துலயே போட்டிருக்கான். அதுக்கு உள்ள ஒரு வருஷம் நானும் கை வைக்க மாட்டேன். மழை முடிஞ்சதும் கொண்டா, தூசிய எடுத்துத் தரேன். அதுக்குக் காசு கிடையாது."